கார் சீட்டை எப்போது முன்பக்கம் திருப்பலாம்? வாங்குவதற்கு முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூர் - பிறந்தபோது வாங்கிய கைப்பிடி வைத்த குழந்தைக் கூடையில் பிள்ளையின் தலை மேல்விளிம்பை எட்டிவிட்டது. அடுத்து என்ன வாங்குவது? கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இளம் பெற்றோர் தேடுவது 'கன்வெர்டிபள்' கார் சீட். முதலில் பின்நோக்கியும், பிள்ளை வளர்ந்த பிறகு முன்நோக்கியும் பொருத்தக்கூடிய ஒரே இருக்கை அது.

தனியார் கார்களில் சிறுவர் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். தொடக்கத்தில் சம்மனைவிட விழிப்புணர்வுக்கே முக்கியத்துவம் தரப்பட்டது. அதனாலோ என்னவோ, "பக்கத்துலதானே போறோம், பாட்டி மடியில வச்சுக்குவாங்க" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. என் வீட்டிலும் இதே பேச்சுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதி, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கார் நின்றால், 10 கிலோ பிள்ளையைப் பிடித்து வைக்க ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டியாலும் முடியாது, அப்பாவாலும் முடியாது.

பின்நோக்கி அமர்வதற்கும் காரணம் இதுதான். சிறு பிள்ளையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்து எலும்போ இன்னும் முழுமையாகக் கெட்டிப்படவில்லை. முன்பக்கம் மோதும்போது, முன்நோக்கி அமர்ந்த பிள்ளையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி சேர்த்துத் தாங்கும்.

அப்படியானால் எப்போது திருப்பலாம்? இருக்கையில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் ஆர்44 தரம் எடையைக் கணக்கில் கொள்கிறது. 0+ பிரிவு 13 கிலோ வரை, 1-ஆம் பிரிவு 9 முதல் 18 கிலோ வரை. புதிய ஆர்129 தரம் உயரத்தைக் கணக்கிடுகிறது, பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு. அதன்படி 15 மாதம் ஆகும் வரை முன்பக்கம் திருப்பவே கூடாது. இது குறைந்தபட்ச வரம்புதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, இருக்கையின் எடை, உயர வரம்பு எட்டும்வரை பின்நோக்கியே வையுங்கள் என்றது. சுவீடனில் நான்கு வயது வரைகூட அப்படித்தான். எனவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன், "பின்நோக்கி எத்தனை கிலோ வரை தாங்கும்?" என்று கேளுங்கள்.

கால் மடங்கி முன்னால் இருக்கும் சீட்டில் முட்டுகிறதே என்று பலர் சீக்கிரமே திருப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு வசதியாகவே உட்காருவார்கள். அளவு போதவில்லை என்பதற்கு அடையாளம் கால் அல்ல, தலைதான்.

உண்மையான சிக்கல் காரின் அளவு. மைவி போன்ற கார்களில் பின்நோக்கிய இருக்கையைப் பொருத்தினால் முன்சீட்டைக் கொஞ்சம் தள்ள வேண்டி வரலாம். அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்கள் காரில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பழைய காராக இருந்தால் சீட் பெல்ட்டால் பொருத்தும் வகை வேண்டும். சரியாக இறுக்கினால் அதுவும் நல்ல பாதுகாப்பு தரும். பொருத்தியபின் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்நோக்கிய இருக்கையை வைக்கவே வேண்டாம்.

தோள் வார் பின்நோக்கி இருக்கும்போது தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, முன்நோக்கித் திருப்பியபின் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலே இருந்து வர வேண்டும். தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பார்த்து மடிப்பு வந்தால், இன்னும் இறுக்க வேண்டும். கேமரன் மலை போகும்போது குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரைப் பூட்டி, அதன் மேல் போர்த்திவிடுங்கள்.

பிறர் பயன்படுத்திய இருக்கை மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கையின் விரிசல் வெளியே தெரியாது. வரலாறு தெரிந்த சொந்தக்காரரிடம் வாங்குவதென்றால் சரி, அடியில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியை மட்டும் பாருங்கள். நம் வெயிலில் நிறுத்திய காரில் உலோகக் கொக்கி சுடும். பிள்ளையை உட்கார வைக்கும் முன் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.