ஆசிரியர் தங்கிய வீடு



ஆங்கிலம் நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், துரைமாரோடு கப்பலில் வந்தது என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. துரைமார் கொண்டுவந்தது ஆட்சி. பள்ளியில் எழுத்துக் கூட்டி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் நம்மைப்போல் தமிழ் பேசியவர்கள். கடல் கடந்து வந்து, பிறர் வீட்டில் தங்கிப் பாடம் நடத்தியவர்கள். அவர்களுடைய வரலாற்றை இன்று பார்ப்போம். அப்போது ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்: ஆசிரியர் எங்கே தங்கினார்?

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1816இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கு வந்து, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கினர். மாணவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே உண்டு படித்தார்கள். மதம் பரப்புவதே பாதிரிமாரின் நோக்கம். ஆயினும் ஊர்மக்கள் நடுவே குடியிருந்ததால், கற்பிக்க வந்தவர்களே முதலில் மாணவர்களாக வேண்டியிருந்தது. தமிழ் கற்றார்கள். அவர்களுள் ஒருவரான மைரன் வின்சுலோ, ஏறத்தாழ 67,000 சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டார்.

வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆங்கிலம் படித்த அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்தில் கலித்தொகை போன்ற பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் கற்றால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு அவர் வாழ்க்கையே விடை.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறினர். 1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விநிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் அறங்காவலர்களுள் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. 1897இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி தொடங்கியது. எழுத்தர்களுக்குப் பின்னால் ஆசிரியர்களும் வந்தார்கள்.

வந்தவர்களில் பலருக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான் புகலிடம். முன்னரே வந்து குடியேறிய உறவினர் வீட்டிலோ, ஒரே ஊர்க்காரர் வீட்டிலோ புதிதாக வந்தவர் தங்குவது வழக்கம். பக்கத்திலேயே கந்தசாமி கோயிலும் 1904இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும் இருந்தன. ஆசிரியர் தங்கியிருக்கும் வீட்டில் பள்ளி மணி அடித்ததும் பாடம் முடிந்துவிடுவதில்லை. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சாப்பாட்டு நேரத்திலும் காதில் விழுந்தது. அவர்களில் பலர் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் உயர்ந்தார்கள்.

இனி, தோட்டத்துக்கு வருவோம். அதே காலத்தில் அதே தமிழ் பேசிய நம் முன்னோர், சில கல் தொலைவில் பால்மரக் காட்டில் உழைத்துக்கொண்டிருந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அப்படி வந்தவை தொடக்கநிலைத் தமிழ்ப் பள்ளிகள். ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில், சம்பளம் கட்டிப் படிக்கும் இடத்தில் இருந்தது.

தோட்டத்துக்கு ஆங்கிலம் வராமலும் இல்லை. துரையின் கட்டளையாகவும் கிராணியாரின் கணக்குப் புத்தகமாகவும் வந்தது. ‘பெரட்டு’, ‘செக்ரோல்’ என்று நம் பாட்டிமார் சொன்னவை ஆங்கிலச் சொற்கள்தாம். ஒருவரும் பாடம் சொல்லித்தராமலே அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அறிவில் குறையில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் லயத்தில் தங்கவில்லை என்பதே குறை. “நம் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது” என்ற பேச்சு தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்கள் காதில் அடிக்கடி விழுகிறது. வரலாறு அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

வின்சுலோவின் அகராதி வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1962 ஜனவரியில், மீண்டும் அமெரிக்கர்கள் வந்தார்கள். இம்முறை மலாயாவுக்கு. அதிபர் கென்னடி 1961இல் தொடங்கிய அமைதிப் படையின் தொண்டர்கள் அவர்கள். துப்பாக்கி ஏந்தாத படை அது. ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பித்தார்கள். தாதியர்களும் வந்தார்கள். வருமுன்பே மலாய் மொழி பயின்றார்கள். சிலர் கம்பத்து வீடுகளில் குடும்பத்தோடு தங்கி, பாயில் அமர்ந்து, கையால் உண்டார்கள். 1983இல் அத்திட்டம் இங்கே முடிவுற்றது. பின்னர் 2006இல் அமெரிக்கப் பட்டதாரிகள் ஆங்கிலத் துணையாசிரியர்களாகத் திரெங்கானுவுக்கு வந்தனர்.

வட்டுக்கோட்டை, பிரிக்பீல்ட்ஸ், கம்பம் ஆகிய மூன்றிலும் ஒரே செய்தியைக் காண்கிறோம். பாடம் சொன்னவர் கற்பவர்களோடு வாழ்ந்தார். அவர்களிடமிருந்து தாமும் கற்றார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்துவிட்டன. தோட்டத்திலேயே இருப்போரும் உண்டு. எங்கிருந்தாலும், இடைநிலைப் பள்ளிக்குப் போகும் அக்காளோ அண்ணனோ இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். கடல் கடந்து வர வேண்டிய ஆசிரியர் நம் வீட்டிலேயே தங்கியிருக்கிறார்!

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். அக்காள் தம்பிக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள் சொல்லித்தரட்டும். அவற்றுக்கு நல்ல தமிழ்ச் சொல் எதுவென்று அம்மா சொல்லட்டும். பணம் கேட்காத பள்ளி இது. நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காத அந்த ஆசிரியரை நாம் வீணாக்க வேண்டாம்.