முச்சந்தியில் பிறந்த சொல்

'அது டிரிவியலான விஷயம்' என்று ஒருவர் கூறிவிட்டால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அற்பமானது, பொருட்படுத்தத் தகாதது என்று நாம் பொருள் கொள்கிறோம். பிறர் வாயை இத்துணை எளிதில் அடைத்துவிடும் இவ்ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைச் சற்றே நோக்குவோம்.

இலத்தீனில் 'ட்ரிவியம்' என்பது மூன்று வழிகள் கூடுமிடம். நம் வழக்கில் முச்சந்தி. அங்கே எவரும் நிற்கலாம், எவரும் பேசலாம். ஆகவே அதினின்று பிறந்த 'ட்ரிவியாலிஸ்' என்னும் உரிச்சொல், யாவரும் அறிந்த சாதாரணமானதைக் குறித்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைச் சொற்கலை ஆசிரியர் குவிந்திலியன், தொடக்கப் பள்ளிப் பாடத்தைச் சுட்ட இச்சொல்லைக் கையாண்டார்.

இடைக்காலத்தில் இதற்கு வேறொரு மாண்பு வாய்த்தது. துறவு மடங்களிலும் பேராலயப் பள்ளிகளிலும் கற்பிக்கப்பட்ட ஏழு கலைகளுள் இலக்கணம், தருக்கம், சொற்கலை ஆகிய மூன்றும் 'ட்ரிவியம்' எனப்பட்டன. எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் அடுத்த படி. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'டிரிவியல்' இம்மூன்று கலைகளைச் சார்ந்ததையே சுட்டியது. அற்பம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. அடித்தளமாய் இருந்தது அடிமட்டமாகிவிட்டது!

1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தமது தாவர நூலை வெளியிட்டார். அந்நாளில் நீண்ட இலத்தீன் வருணனையே செடியின் முறையான பெயர். அவர் பக்க ஓரத்தில் ஒற்றைச் சொல்லையும் எளிய குறிப்பாகச் சேர்த்து, அதனை 'டிரிவியல் பெயர்' என்றார். இன்று அந்நீண்ட வருணனைகள் வழக்கொழிந்தன. பேரினப் பெயருடன் அந்த ஓரச் சொல்லே நிலைத்து நிற்கிறது.

கணித அறிஞரும் இச்சொல்லை ஆள்கின்றனர். எல்லா மதிப்புகளும் பூச்சியமாக அமையும் விடையை 'டிரிவியல் தீர்வு' என்பர். அதில் இகழ்ச்சி இல்லை. முயற்சியின்றியே புலப்படுவது என்பதே கருத்து. அதனையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

எனவே இச்சொல்லை ஆளும்போது ஒன்றை மனத்திற்கொள்வோம். சிறியது என்பது அளவைக் கூறுகிறது; டிரிவியல் என்பதோ நமது மதிப்பீட்டைக் கூறுகிறது. நம் சொந்தத் தவறான செலவையோ, நேற்றைய வீண் வாக்குவாதத்தையோ அவ்வாறு அழைக்கலாம். பிறர் குறையை அழைக்குமுன் தயங்குதல் நன்று. பதிவேட்டில் ஒருவர் பெயரில் ஓர் எழுத்து பிழைபட்டால், எழுதியவருக்கு அது டிரிவியல். சான்றிதழுக்காக மூன்றாம் முறை வந்து நிற்பவருக்கு அவ்வாறன்று.