பஸ் கம்பெனிக்காரர் சட்டசபைக்குப் போன கதை

போன வாரம் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தேங்காய் மூட்டை பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. பார்சல் சீட்டைப் பார்த்துவிட்டு என் மகள், "ஏ.பி.டி.ன்னா என்னப்பா?" என்றாள். ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் என்றேன். "அப்ப பஸ் எங்கே?" அது கொஞ்சம் பெரிய கதை.

பொள்ளாச்சியில் 1931-ல் நாச்சிமுத்து கவுண்டர் ஆரம்பித்த கம்பெனி அது. அவருடைய மகன் நா. மகாலிங்கம். 1923-ல் பிறந்தவர், 1952-ல் பொள்ளாச்சியின் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனார். அப்போது வயது 29-தான். 1957, 1962 தேர்தல்களிலும் அதே தொகுதியில் ஜெயித்தார். 1967-ல் ஆட்சி திமுகவுக்குப் போனது. மகாலிங்கத்தின் சட்டசபைக் கணக்கும் மூன்று தவணைகளோடு முடிந்தது.

அந்தப் பதினைந்து வருஷத்தில் என்ன செய்தார் என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் முதலில் வரும் பதில் பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆனைமலையில் பெய்யும் மழையெல்லாம் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை மேட்டாங்காடு. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, நீராறு என்று எட்டு ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். காமராஜர் முதல்வர், சி. சுப்பிரமணியம் மந்திரி. வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமி கவுண்டரின் உழைப்பும் இதில் உண்டு. தொகுதிக்காரராக விடாமல் வற்புறுத்தியவர்களில் மகாலிங்கம் முக்கியமானவர். 1961-ல் நேரு வந்து தொடங்கி வைத்தார். கேரளத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது என்னவோ 1970-ல்தான், 1958 முதல் அமலாகும்படி!

எங்கள் அப்பாரு (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். இன்றைக்கு ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். கடைமடைக்காரர் புலம்பல் தனி.

தொழிலதிபர் எம்.எல்.ஏ. ஆனால் தன் தொழிலுக்குத்தானே செய்துகொள்வார் என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். 1961-ல் அவர் தொடங்கிய சக்தி சுகர்ஸின் முதல் ஆலை பவானி பக்கம் ஆப்பக்கூடலில் இருக்கிறது. பி.ஏ.பி. தண்ணீர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் காடு விளைந்தால் சந்தைக்குப் போகிற கூட்டம் கூடும், பஸ்காரருக்கு லாபம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நிலத்தில் தண்ணீர் பாய்ந்து தனக்கும் லாபம் வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தன் வீட்டுக்கு மட்டும் ரோடு போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து என் அளவுகோல் இறங்கிவிட்டதோ என்னவோ :)

சரி, பஸ் எங்கே? 1970-களின் தொடக்கத்தில் கருணாநிதி அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியது. ஏ.பி.டி.யின் பஸ்களை வைத்துத்தான் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பதினைந்து வருஷம் அவர் உட்கார்ந்திருந்த அதே சட்டசபைதான்... தன் குடும்பத் தொழிலின் வேரையே அரசு எடுத்துக்கொண்டதை வெளியே நின்று பார்த்தார். பிறகு சர்க்கரை, பார்சல், கார் விற்பனை, கல்லூரிகள், வருஷா வருஷம் வள்ளலார் காந்தி விழா என்று வேறு பாதை. 2007-ல் பத்மபூஷண். 2014 அக்டோபர் 2-ஆம் தேதி, சென்னையில் அந்த விழாவிலேயே உயிர் பிரிந்தது. வயது 91.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகள் ஒன்றுதான் கேட்டாள்: "அவருக்குக் கோபம் வரலையா?" எனக்குத் தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டுத் தேங்காயை உரிக்க உட்கார்ந்தேன்.