பாரின் இடம் யாருக்குத் தெரியும்? முட்டத்துக் கடலோடிகளின் தரவும் மேகக் கணிமையின் பாதுகாப்பும்

குமரிக் கரையிலுள்ள முட்டத்துக் கடலோடிக்கு ரகசியம் காப்பது புதிய வேலையல்ல. கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். கரையடையாளங்களை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடிப்பது கணியம். தேவாலயக் கோபுரமும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முகடும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை வள்ளத்தைச் செலுத்துவார்கள். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போய், கலங்கரை விளக்கமும் வேறொரு மலையும் நேராகும் இடத்தில் நிறுத்துவார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தூண்டில் இறங்கும். இந்த அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்வழியாகவே போனது. யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பதை அதை வைத்திருந்தவரே முடிவு செய்தார்.

ஜிபிஎஸ் கருவி வந்தபோது பார் எண்களாக மாறியது. ஆனாலும் அந்த எண்கள் படகுக்காரர் கையிலிருந்த கருவிக்குள்தான் கிடந்தன. இன்று கடலோடியின் பெயர், கைரேகை, படகின் பதிவெண், வங்கிக் கணக்கு, படகு போன தடம் ஆகிய எல்லாமே அவர் கண்ணால் பார்த்திராத சர்வர்களில் இருக்கின்றன. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கப் புள்ளி 2008 நவம்பர் 26. மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதும் கடலோர மீனவர் அனைவரையும் அடையாளப்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு முடிவெடுத்தது. 2009இல் மீனவர்களுக்கான பயோமெட்ரிக் அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியது. படகுப் பதிவும் உரிமமும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணைய அமைப்புக்குள் வந்தன. இங்கே பாதுகாப்பு என்றால் நாட்டின் பாதுகாப்பு. தரவைக் கொடுத்த மனிதருக்கு அந்தத் தரவால் தீங்கு நேருமா என்ற கேள்விக்கு அப்போது இடமே இருக்கவில்லை.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் உலகெங்கும் கணினிகள் மேகத்துக்கு ஏறின. அமேசான் நிறுவனம் 2006இல் தன் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. இந்திய அரசு ‘மேகராஜ்’ என்ற பெயரில் தன் மேகக் கணிமைத் திட்டத்தை வகுத்தது. அதன்படி அமைந்த தேசிய மேகம் 2014இல் இயங்கத் தொடங்கியது. துறைக்கு ஒரு சர்வர் அறை என்ற பழைய முறையில் எத்தனையோ ஓட்டைகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சொந்த சர்வர்களே பிணைத்தொகை மென்பொருளில் சிக்கி, நோயாளிகளைக் கையால் எழுதிச் சேர்க்கும் நிலை வந்தது. ஆகவே சொந்தக் கட்டடத்தில் இருந்தால் பத்திரம், மேகத்துக்குப் போனால் ஆபத்து என்று பிரிப்பது சரியல்ல.

மேகத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு விடும் நிறுவனம் கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவற்றைக் காக்கும். உள்ளே வைத்த தரவை யார் திறக்கலாம் என்று தீர்மானிப்பது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு. பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டாவது பாதியில்தான் நடக்கின்றன. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவு போனபோது அமேசானின் சுவரை யாரும் உடைக்கவில்லை. வங்கி தவறாக அமைத்திருந்த ஒரு தடுப்பரண் வழியாக உள்ளே வந்தவருக்குச் சேமிப்பகத்தின் சாவியும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2018 ஜனவரியில் ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழின் செய்தியாளர் 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் நுழைவுரிமையைப் பெற்றார். விற்கப்பட்டது முறையான அனுமதி பெற்றவர்களின் வழி. 2021இல் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தில் உள்ள ஏறத்தாழ 50 லட்சம் பேரின் தரவு இணையத்தில் வெளிப்பட்டிருப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. 2023 ஜூனில் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசிப் பதிவு விவரங்களைச் சொல்லும் டெலிகிராம் பாட் ஒன்று வெளிவந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்றது ஒன்றிய அரசு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ரேஷன் அட்டையும் தடுப்பூசியும் உள்ள ஒரு முட்டத்துக் குடும்பத்துக்கு அதனால் என்ன ஆறுதல்? முன் வாசலில் போனதா, பின் வாசலில் போனதா என்பது போன பொருளைத் திருப்பித் தராது.

கடலோர ஊர்களில் இந்தப் பின் வாசல் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். நிவாரணம் 8000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வராதவர் கணினி மையத்துக்குப் போகிறார். ஆதாரையும் பாஸ்புக்கையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அனுப்புகிறார். போனுக்கு வந்த ஓடிபியைப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசித்துச் சொல்கிறார். வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் படங்கள் மையத்துக் கணினியிலேயே கிடக்கின்றன. மேகத்திலுள்ள பெட்டகம் எத்தனை வலுவான குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தாலும், அதன் சாவியின் நகல் மேசைமேல் கிடக்கிறது. இதில் கடலோடியைக் குறை சொல்வது நியாயமல்ல. வேறு வழி வைக்காமல் திட்டத்தை அமைத்தவர்களே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஆனால் தரவே கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? 2017 நவம்பர் 30ஐ மறக்காத எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒக்கி புயல் குமரியைத் தாக்கிய அன்று ஆழ்கடலில் எத்தனை படகுகள் இருந்தன, எந்தப் படகில் யார் யார் போயிருந்தார்கள் என்ற கணக்கு அரசிடம் இல்லை. அடையாள அட்டைத் திட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியும் இதுதான் நிலை. காணாமல் போனவர்களின் பட்டியலை வீடுவீடாகக் கேட்டு எழுதியவர்கள் பங்குத் தேவாலயங்களைச் சேர்ந்தவர்கள். அரசின் எண்ணும் ஊரின் எண்ணும் பல நாள் ஒத்துப்போகவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போன ஊர்களில் மேகம் இருந்திருந்தாலும் அதை எட்டியிருக்க முடியாது. தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதும் பாதுகாப்பின் ஒரு கூறுதான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, வேறெங்கும் நகல் இல்லாத 858 டெராபைட் கோப்புகள் சாம்பலாயின.

ஒக்கி விட்டுச்சென்ற பாடம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர்களாக வந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று 364 கோடி ரூபாய்ச் செலவில் 1 லட்சம் படகுகளில் அவற்றைப் பொருத்தும் திட்டம் தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பம். அலைபேசிக் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலிருந்தும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பலாம், ஆபத்தில் உதவி கேட்கலாம். உயிர் காக்கும் கருவி இது, வரவேற்க வேண்டியது. அதே கருவி படகு எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சொல்லும். படகு மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் புள்ளியிட்டால், தலைமுறைகளாகக் கணியத்தில் காத்த பார்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரியும். இதில் பெயரும் தேவையில்லை, ஆதார் எண்ணும் தேவையில்லை. தடம் ஒன்றே போதும். கடலோடியின் தரவில் களவு போகக்கூடிய மிகப் பெரிய செல்வம் இதுதான் என்பது என் துணிபு. பாதுகாப்பு விவாதங்கள் அடையாள எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது.

சட்டம் மெல்லவே வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. அதிலும் தெரிவிக்க வேண்டியது அந்த அமைப்புக்குத்தான், தரவைப் பறிகொடுத்தவருக்கு அல்ல. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. தரவு கசிந்தால் உரியவருக்கும் சொல்ல வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தன் தரவு யார் யாரோடு பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையை அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு தருகிறது. ஆனால் சம்மதத்தின் பேரில் தரவு கொடுத்தவருக்கே அது கிடைக்கும். மானியம், நலத்திட்டம் ஆகியவற்றுக்காக ஏற்கெனவே தன்னிடமுள்ள தரவைத் தனிச் சம்மதம் கேட்காமலே அரசு கையாள 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தடைக்கால நிவாரணம் பெறும் கடலோடி இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் நிற்கிறார். ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றை அட்டைதாரரே பார்க்கும் வசதியை ஆதார் ஆணையம் முன்பே தந்திருக்கிறது. படகின் தடத்தைத் திறந்து பார்த்தவர் யார், எப்போது, எதற்காக என்று படகுக்காரருக்குக் காட்டும் அதுபோன்ற பதிவேட்டை டிரான்ஸ்பாண்டர் திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கேட்கும் உரிமை உள்ளிட்ட முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாத நடுவில் நடைமுறைக்கு வரும். அப்போது முட்டத்தில் படகுகள் கரையேற இரண்டு வாரம் இருக்கும். நிவாரணத்துக்கான விவரங்களை மறுபடியும் சரிபார்க்கும் காலம் அது.