வீட்டில் அமைக்கும் லேசர் குறுக்கீட்டுமானி

லேசர் குறுக்கீட்டுமானி என்பது ஒளியின் அலைநீளத்தையே அளவுகோலாகக் கொண்டு, ஒரு பொருள் நகர்ந்த தொலைவை மிக நுட்பமாக அளக்கும் கருவி. உயர்துல்லிய இயந்திரங்களைச் சரிபார்க்கத் தொழிற்சாலைகளும் அளவியல் ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. ஹீலியம்-நியான் லேசர், ஒளிபிரிப்பான், இரண்டு எதிரொளிப்பான்கள், ஒளியுணரிகள், மின்னணு எண்ணி ஆகியவற்றைக் கொண்டு இதை வீட்டு மேசையிலும் அமைக்கலாம். மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைவைக் காட்டவைப்பது அவ்வளவு கடினமன்று. காட்டும் எண்ணை நம்பத்தக்கதாக்குவதில்தான் அமைப்பவரின் திறமை தேவைப்படுகிறது.

வரலாறு

இக்கருவியின் மூல வடிவத்தை ஆல்பர்ட் மைக்கெல்சன் 1881-ல் உருவாக்கினார். பெர்லின் நகரின் அதிர்வுகளால் அங்கே அளக்க முடியாமல் போகவே, கருவியைப் போட்ஸ்டாம் வானாய்வகத்துக்குக் கொண்டுசென்றார். அங்கேயும், ஆய்வகத்திலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி நடைபாதையில் ஒருவர் காலை ஓங்கி மிதித்தால், குறுக்கீட்டால் தோன்றும் ஒளி-இருள் பட்டைகள் மறைந்துவிட்டதாக அவர் பதிவு செய்தார். அதனால் 1887-ல் கிளீவ்லாந்தில் எட்வர்ட் மோர்லியுடன் சேர்ந்து செய்த புகழ்பெற்ற சோதனையில், கருவியைக் கற்பலகை மீது நிறுத்தி, அந்தப் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்.

1892-93-ல் பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரேயில், ஒரு மீட்டரில் காட்மியம் சிவப்பு ஒளியின் எத்தனை அலைநீளங்கள் அடங்கும் என்று மைக்கெல்சன் அளந்தார், விடை 15,53,163.5. 1960-ல் மீட்டரின் வரையறையே கிரிப்டான்-86 ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் என மாறியது. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர். சிவப்பு ஒளி தரும் ஹீலியம்-நியான் லேசர் 1962-ல் உருவானது. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1970-ல் வெளியிட்ட லேசர் குறுக்கீட்டுமானி இம்முறையைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுவந்தது.

செயல்படும் விதம்

லேசர் கற்றையை ஒளிபிரிப்பான் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று அசையாத எதிரொளிப்பானுக்கும், மற்றொன்று அளக்கவேண்டிய பொருளில் பொருத்திய எதிரொளிப்பானுக்கும் சென்று திரும்பி மீண்டும் ஒன்றுசேர்கின்றன. அலைகளின் முகடுகள் பொருந்தினால் பொலிவும், முகடும் அகடும் பொருந்தினால் இருளும் தோன்றும்.

ஒளி போய்த் திரும்புவதால், பொருள் அரை அலைநீளம் நகர்ந்தாலே ஒரு முழுச் சுற்று நிறைவடைகிறது. ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 632.8 நானோமீட்டர், எனவே ஒரு பட்டை 316.4 நானோமீட்டர் நகர்வைக் குறிக்கும். கடந்துபோகும் பட்டைகளை எண்ணினால் நகர்ந்த தொலைவு கிடைத்துவிடும். இது இடப்பெயர்ச்சியை அளக்கும் கருவியே. எண்ணிக்கொண்டிருக்கும்போது கற்றை ஒரு கணம் மறைக்கப்பட்டாலும் கணக்கு அறுந்துபோகும்.

உறுப்புகளும் அமைப்பும்

அடித்தளத்துக்குக் கனமான கிரானைட் பலகை ஏற்றது. அதன் கீழே பாதியளவு காற்றடைத்த டியூபை வைத்தால் தரையதிர்வு பெருமளவு குறையும். சமதள ஆடிகளைப் பயன்படுத்தலாம் என்றாலும், ஆடி சற்றே சாய்ந்தாலும் பட்டைகளின் அமைப்பு மாறிவிடும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் மூலைப் பட்டகமே சிறந்தது. அது சிறிது சாய்ந்தாலும் வந்த ஒளியை இணையாகவே திருப்பியனுப்பும். திரும்பும் கற்றை பக்கவாட்டில் விலகி வருவதால் லேசருக்குள் மீண்டும் நுழைந்து அதன் நிலைப்பைக் கெடுப்பதும் தவிர்க்கப்படும்.

மலிவான லேசர் சுட்டியைக் கொண்டும் பட்டைகளைப் பார்க்க முடியும். ஆனால் வெப்பநிலை மாறும்போது அதன் அலைநீளம் சட்டென்று தாவும் என்பதால் அளவீட்டுக்கு அதை நம்ப முடியாது. ஹீலியம்-நியான் குழாயில் அலைநீளம் நியான் அணுவின் இயல்பாலேயே கட்டுப்பட்டிருப்பதால், பத்து இலட்சத்தில் சில பங்குகளுக்குள்தான் மாறும்.

திசையறிதல்

ஒரே ஒளியுணரி பட்டைகளை எண்ணும். ஆனால் பொருள் முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று அதனால் சொல்ல முடியாது. அதிர்வினால் முன்னும் பின்னும் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் அது நகர்வாகவே கூட்டிக்கொண்டுபோகும். எனவே கால் சுற்று, அதாவது 90 பாகை, கட்ட வேறுபாடுள்ள இரண்டு சைகைகள் தேவை.

இதற்கு எளிய வழி, கற்றைகளைச் சற்றே சாய்த்துப் பட்டைகளை அகலமாக்கி, பட்டை இடைவெளியில் நான்கில் ஒரு பங்கு தள்ளி இரண்டு போட்டோடயோடுகளை வைப்பது. இதைவிடச் சீரான வழியில், 45 பாகையில் தளவிளைவுற்ற ஒளி பயன்படுகிறது. கருவியின் ஒரு கையில், அதாவது பிரிந்த கற்றைகளில் ஒன்றின் பாதையில், எட்டிலொரு அலைத்தட்டை வைத்து, வெளிவரும் ஒளியைத் தளவிளைவு ஒளிபிரிப்பானால் இரண்டு உணரிகளுக்குப் பிரிக்க வேண்டும்.

இரு சைகைகளின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு பட்டைக்கு நான்கு எண்ணிக்கை, அதாவது 79 நானோமீட்டர் பகுதிறன் கிடைக்கும். பொருள் நொடிக்கு 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் நொடிக்குச் சுமார் 31,600 பட்டைகள் கடக்கும். எனவே மைக்ரோகன்ட்ரோலரில் வன்பொருள் எண்ணி இருப்பது அவசியம். சைகைகளின் வீச்சை இலக்கமாக்கிக் கோணத்தைக் கணக்கிட்டால் இன்னும் நுட்பமாகப் போகலாம். அப்போது இரு சைகைகளின் வீச்சும் மையமும் சமமில்லாததால் எழும் சுழற்சிப் பிழையைத் திருத்த, 1981-ல் ஹைடமன் வெளியிட்ட நீள்வட்டப் பொருத்த முறை பயன்படுகிறது.

சரிபார்த்தல்

நகரும் மேடையை மைக்ரோமீட்டர் திருகால் 0.01 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஏறத்தாழ 32 பட்டைகள் கடக்க வேண்டும். மற்றொரு சோதனையில், 10 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பியின் முனையில் எதிரொளிப்பானைப் பொருத்தி, கம்பியை விரல்களால் மெல்லப் பிடிக்க வேண்டும். அதன் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் நீளம் 2.3 மைக்ரோமீட்டர் கூடி, ஏழு பட்டைகள் வரிசையாகக் கடந்துசெல்லும். விரலை எடுத்ததும் அவை மெதுவாக எதிர்த்திசையில் திரும்பத் தொடங்கும்.

பிழைகள்

வீட்டுக் கருவியில் துல்லியத்தை வரையறுப்பது பெரும்பாலும் லேசர் அன்று, அதைச் சுற்றியுள்ள காற்றும் உலோகமும்தான். காற்றின் வெப்பநிலை 1 பாகை மாறினாலோ, அழுத்தம் ஏறத்தாழ 4 ஹெக்டோபாஸ்கல் மாறினாலோ அலைநீளம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். ஒரு மீட்டர் தொலைவில் இது 1 மைக்ரோமீட்டர் பிழை. எட்லன் வாய்பாட்டில் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கொடுத்து இதைத் திருத்தலாம். கற்றைப் பாதையைக் குழாயால் மூடினால் மின்விசிறிக் காற்றால் பட்டைகள் நடுங்குவது குறையும்.

கற்றை, நகரும் திசைக்கு முற்றிலும் இணையாக இல்லாவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் விலகலுக்குப் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு. அளக்கும் புள்ளி கற்றையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்து, மேடை ஒரு பாகையின் 3600-ல் ஒரு பங்கு சாய்ந்தாலும் அரை மைக்ரோமீட்டர் பிழை வரும். எர்னஸ்ட் அபே 1890-ல் வலியுறுத்தியபடி, அளவுகோலும் அளக்கப்படுவதும் ஒரே நேர்கோட்டில் இருப்பதே இதற்குத் தீர்வு.

பாதுகாப்பு

1 மில்லிவாட்டுக்குக் குறைந்த லேசரைத் தேர்ந்து, கற்றையைக் கண் மட்டத்துக்குக் கீழேயே வைக்க வேண்டும். ஹீலியம்-நியான் குழாய் இயங்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும், ஒளிரத் தொடங்கப் பல ஆயிரம் வோல்ட்டும் தேவை. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

முக்கியத்துவம்

அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்ததும் 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட மைக்கெல்சன் வகை அமைப்பால்தான். வீட்டுக் கருவிக்கும் அளவியலில் உரிய இடம் உண்டு. நிலைப்படுத்தப்படாத சாதாரண ஹீலியம்-நியான் சிவப்பு லேசரின் வெற்றிட அலைநீளம் 632.9908 நானோமீட்டர் என்றும், அதன் திட்ட ஐயப்பாடு பத்து இலட்சத்தில் 1.5 பங்கு என்றும் சர்வதேச எடை அளவுக் குழு ஏற்றுள்ளது. எனவே காற்றுத் திருத்தத்தையும் கற்றையின் திசையையும் கவனமாகக் கையாள்பவருடைய அளவு, வேறொரு அளவுகோலை நம்பியிராமல், மீட்டரின் வரையறையோடு நேரடியாக இணைகிறது.