காடு யாருடையது? - 7
தேக்கு எண்ணிய ஜெர்மானியர்

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1823-ல் கேப்டன் வாட்சனின் வனப் பாதுகாவலர் பதவியையே ஒழித்துக்கட்டினார். மலபார்த் தேக்கெல்லாம் கும்பினிக்கே என்று வாட்சன் நடத்திவந்த அடாவடி அதோடு நின்றது. ஆனால் அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, 1878-ல் இந்திய வனச் சட்டம் வந்துவிட்டது. இந்த வாரம் அந்தச் சட்டத்துக்குத்தான் வரவேண்டும். அதற்கு முன் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற மனிதரைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்துவிடுவோம். அவரைத் தெரியாமல் 1878-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

1824-ல் பான் நகரில் பிறந்தவர் பிராண்டிஸ். படித்தது தாவரவியல். அவர் மனைவி ரேச்சல், செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் சகோதரியை மணந்தவர், 1857-ல் லக்னோவுக்குப் படை நடத்திப்போன அதே ஹேவ்லாக். இந்த உறவின் வழியாகத்தான் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் காதுக்குப் போனது. பர்மாவின் பெகு மாகாணம் அப்போதுதான் ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. அரசு நிலத்தில் நிற்கும் மரம் அரசின் சொத்து, தனியாருக்கு அதில் பாத்தியதை இல்லை என்று 1855-ல் டல்ஹவுசி குறிப்பு எழுதினார். மறு வருஷமே பெகுவின் தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராகப் பிராண்டிஸ் வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலில் செய்தது மரங்களை எண்ணியதுதான். எத்தனை மரம் நிற்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் அங்கே யாரும் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போவார். அந்த ஈரத்தில் காகிதமும் மையும் நிற்காது. அதனால் இடது கையில் நான்கு மூங்கில் துண்டுகளைப் பிடித்துக்கொள்வார். மரத்தின் சுற்றளவில் நான்கு வகை, வகைக்கு ஒரு துண்டு. வலது கையில் கத்தி. வழியில் தேக்கைக் கண்டதும் அதன் பருமனைக் கண்ணால் அளந்து, அந்த வகைத் துண்டில் ஒரு வெட்டு. ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகை. பொழுது சாய்ந்து முகாமுக்குத் திரும்பியதும் வெட்டுகளை எண்ணிக் கணக்கில் ஏற்றுவார். காய்ச்சலும் மழையும் பின்தொடர, மலை மலையாக இப்படியே போனார்.

இந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவு எளிமையானது. இரண்டாம் வகை மரம் முதல் வகையாகப் பருக்க எத்தனை வருஷம் ஆகும் என்று பாருங்கள். அத்தனை வருஷத்துக்கு முதல் வகை மரங்களைப் பங்கு பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள் என்றார். வட்டி அளவுக்கே செலவு, முதலில் கை வைக்கக்கூடாது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. எனவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் சுற்றிவரச் செதுக்கி வளையம் போட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, ஓரிரண்டு வருஷம் காயும். பிறகுதான் வெட்டு, யானை இழுத்து ஓடையில் தள்ள, மழைக்காலத்து வெள்ளம் அதை ரங்கூனை நோக்கிக் கொண்டுபோகும். எந்த மரத்துக்கு வளையம் போடுவது என்று தீர்மானிப்பவன் கையில்தான் காடு. அந்த உரிமையைத் தன் ஆட்களிடமே வைத்துக்கொண்டார் பிராண்டிஸ். மௌல்மேன், ரங்கூன் மர வியாபாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. தெனாசெரிம் காட்டை ஏற்கெனவே மொட்டையடித்துவிட்டு வந்தவர்கள், பெகுவையும் திறந்துவிடச் சொல்லிக் கல்கத்தாவை நெருக்கினார்கள். கல்கத்தாவும் அவர்கள் பக்கம் அவ்வப்போது சாய்ந்தது. காட்டு அரசியல் என்று நாம் இன்று சொல்வதன் முதல் பாடம் இதுதான்: வன அதிகாரிக்கு எதிரி காட்டுக்குள் இருப்பதைவிடத் தலைநகரில்தான் அதிகம்.

பிராண்டிஸிடம் குறை இல்லையா? உண்டு. கரேன் மலைமக்கள் காட்டைச் சுட்டு நெல் விதைப்பதைக் குற்றமாக்கி வழக்குப் போட்ட துறை அவருடையதுதான். பிறகு அதே மக்களை அழைத்து, நெல்லோடு தேக்கு விதையும் ஊன்றச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் மலைக்காரர் நகர்ந்துவிடுவார். தேக்குத் தோட்டம் அரசுக்கு மிஞ்சும். தவுங்யா என்ற இந்த முறை பின்னாளில் ஆப்பிரிக்காவரை போனது. கெட்டிக்கார ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. நியாயமான ஏற்பாடு என்று என்னால் எழுத முடியாது.

1864-ல் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார். ரயில் பாதை காட்டைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. 1870-களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சிலீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. 1865-ன் முதல் சட்டம் அவசரத்தில் எழுதியது, ஓட்டை நிறைய. புதிய சட்டம் வேண்டும் என்று 1874-ல் அலகாபாத்தில் வன அதிகாரிகள் கூடினார்கள். அங்கே எழுந்தவர் பேடன்-பவல். சாரணர் இயக்கம் கண்டவரின் மூத்த அண்ணன், வேறு தாய் மகன். கீழைநாட்டில் உழாத நிலமெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம், ராஜாவின் இடத்தில் இப்போது நாங்கள், எனவே ஜனங்கள் விறகெடுப்பதும் மாடு மேய்ப்பதும் உரிமை அல்ல, விட்டுக்கொடுத்த சலுகை என்பது அவர் வாதம். சலுகையை நினைத்தபோது பறிக்கலாம், நஷ்டஈடும் தர வேண்டாம். நம் நாட்டு ஏழைகளுக்கு எதிராக எழுதப்பட்ட வாதங்களில் இதைவிடக் கொடியதை நான் அதிகம் படித்ததில்லை.

பிராண்டிஸ் இதை ஏற்கவில்லை. மதிப்புமிக்க காடுகளை அரசு வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பழைய உரிமைகளை எழுதி மதிக்க வேண்டும், கிராமத்துக்கென்று கிராமக் காடும் வேண்டும் என்றார். ஜனங்களுக்குக் காடு காக்கத் தெரியாது என்ற பேச்சு அவரிடம் எடுபடாது. குடகின் தேவரகாடுகளையும், காரோ, காசி மலைகளிலும் நம் சேலம் பக்கத்து மலைகளிலும் சாமிக்கென்று விட்ட காடுகளையும் நேரில் பார்த்தவர் அவர். சென்னை ரெவின்யூ போர்டு 1871-லேயே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. இந்த ராஜதானியில் ஏதாவது ஒரு கிராம எல்லைக்குள் வராத காடே அநேகமாக இல்லை, தேக்கு, சந்தனம், ஏலக்காய் போன்றவற்றின் மேலான வரும்படியைத் தவிர அரசு எந்தச் சொத்துரிமையும் கொண்டாடியதில்லை என்று அது எழுதியது. வெள்ளை அதிகாரிகள் நிறைந்த ஒரு போர்டு இப்படி எழுதியதை நாம் மறந்துவிட்டது வருத்தத்துக்குரியது.

1878 சட்டத்தில் காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு என்று மூன்று வகையும் இடம்பெற்றன. மூன்றாவது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. அந்த ஆண்டில் சுமார் 14,000 சதுர மைலாக இருந்த அரசுக் காடு, 1900-ல் காப்புக்காடு மட்டுமே 81,400 சதுர மைல் என்று வளர்ந்தது. பூனா சார்வஜனிக் சபை எதிர்த்துக் குரல் கொடுத்தும் பயனில்லை. அலகாபாத்தில் பேடன்-பவல் பேசியதே நடைமுறையாகிவிட்டது. வனவாசிகளுக்கு இழைத்தது வரலாற்று அநீதி என்று நம் நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத 2006 வரை ஆனது.

சென்னை ராஜதானி 1878 சட்டத்தை ஏற்க மறுத்து, 1882-ல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. அந்த வேலைக்குத் துணையாக இங்கே வந்தவர் நம் பிராண்டிஸ்தான். அடுத்த வாரம் அந்தச் சட்டமும், அது நம் ஊர் மேய்ச்சல்காரர்களை என்ன செய்தது என்பதும். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் தாத்தா காலத்து மேய்ச்சல் சீட்டோ விறகுச் சீட்டோ இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

(தொடரும்)