பாதியாகக் குறைந்த ஓர் எண்: புற ஊதாக் கதிரும் பாலூட்டிச் செல்களில் டி.என்.ஏ. இரட்டிப்பும்

வளர்ப்புத் தட்டில் பெருகிக்கொண்டிருக்கும் மனிதத் தோல் செல்கள்மீது புற ஊதாக் கதிரைச் சில நொடிகள் பாய்ச்சிவிட்டு, சற்றுப் பொறுத்து டிரிட்டியம் ஏற்றிய தைமிடினை ஊட்டினால், செல்கள் தம் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும் தைமிடின் வெகுவாகக் குறைந்திருக்கும். கதிரின் அளவைப் பொறுத்து அது பாதியாகலாம், அதற்குக் கீழேயும் போகலாம். ‘புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இரட்டிப்பைத் தடுக்கிறது’ என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவது இதை வைத்துத்தான். அந்த வரி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். குறைந்துபோன அந்த எண்ணுக்குள் இருவேறு நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, சிதைந்த இழையில் நொதி முட்டி நிற்பது. மற்றது, புதிய இடங்களில் இரட்டிப்பைத் தொடங்காமல் செல் தானாகவே நிறுத்திவைப்பது. முன்னது சேதத்தின் விளைவு, பின்னது சேதத்துக்கு எதிரான காப்பு. இவற்றைப் பிரித்தறியாதவரை தோல் புற்று எந்தக் கட்டத்தில் வேர்கொள்கிறது என்பது விளங்காது.

சேதத்தின் இயல்பிலிருந்து தொடங்கலாம். ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படுவது 254 நானோமீட்டர் அலைநீளம் தரும் பாதரச ஆவி விளக்கு. டி.என்.ஏ. மிகுதியாக உறிஞ்சுவது 260 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை என்பதால் இது வசதி. வெயிலில் உள்ள இந்த அலைநீளம் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலமே அதை உறிஞ்சிவிடுகிறது. இருந்தாலும் விளக்கொளியும் வெயிலின் நடுத்தரப் புற ஊதாக் கதிரும் விளைவிக்கும் முதன்மைச் சேதம் ஒன்றுதான்: ஒரே இழையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பிரிமிடின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இப்படி உண்டாகும் பிணைப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு சைக்ளோபியூட்டேன் இருபடிகள். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை 6-4 ஒளிவிளைபொருள்கள். 6-4 வகை இரட்டைச் சுருளை வெகுவாகக் கோணச் செய்வதால் பழுதுநீக்கும் நொதிகள் அதை எளிதில் கண்டுகொண்டு சில மணி நேரத்தில் வெட்டி எடுத்துவிடுகின்றன. சைக்ளோபியூட்டேன் இருபடியோ சுருளை அவ்வளவாகக் குலைக்காமல் பதுங்கிக் கிடக்கிறது. அதை முழுக்க நீக்க மனிதச் செல்லுக்கு ஒரு நாளும் போதாது. ஒளியின் துணையோடு இருபடியை நேரடியாகப் பிரித்துவிடும் ஃபோட்டோலயேஸ் என்னும் நொதி பாக்டீரியாவிலும் இருக்கிறது, பைப்பாலூட்டிகளிலும் இருக்கிறது. மனிதர் உள்ளிட்ட நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் அதைப் பரிணாமப் பாதையில் இழந்துவிட்டன. இரட்டிப்புக் கட்டம் சுமார் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது. ஆகவே பழுது நீங்குவதற்குள் இரட்டிப்பு அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

இரு நிகழ்வுகளையும் பிரித்துக் காட்டியது காரத்தன்மை கொண்ட சுக்ரோஸ் கரைசல் முறை. மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிக்கொண்டே போகும்படி கரைசலைக் குழாயில் நிரப்புவார்கள். தைமிடினைச் சில நிமிடங்களே உட்கொண்ட செல்களை மேற்பரப்பில் வைத்துக் கரைப்பார்கள். காரத்தில் இரட்டைச் சுருள் தனித்தனி இழைகளாகப் பிரியும். அதிவேகச் சுழற்சியில் நீண்ட இழைகள் ஆழத்துக்கு இறங்க, குட்டையானவை மேலேயே தங்கும். பிறகு குழாயின் அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து, ஒவ்வொரு பகுதியின் கதிரியக்கத்தையும் எண்ணுவார்கள். குட்டை இழைகள் குறைந்திருந்தால், புதிதாகத் தொடங்கிய இரட்டிப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். நீண்ட இழைகள் குறைந்திருந்தால், முன்பே தொடங்கியவை வளர முடியாமல் நின்றுவிட்டன என்று பொருள். வில்லியம் காஃப்மன், ஜேம்ஸ் கிளீவர், ராபர்ட் பெயின்டர் மூவரும் 1980இல் மனிதச் செல்களில் காட்டியது இதைத்தான்: கதிர் குறைவாக இருக்கும்போது முதலில் அடிபடுவது தொடக்கமே. அளவு கூடும்போதுதான் இழை வளர்ச்சித் தடை மேலோங்குகிறது.

இந்தத் தொடக்கத் தடை வெறும் இயற்பியல் விபத்தாக இருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். இரட்டிப்பு தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் இருபடி விழுந்திருக்கும் அளவுக்குக் கதிர் கொடுக்காதபோதே தொடக்கம் குறைந்துவிடுகிறது. சேதமில்லாத இடங்களும் மௌனமாகின்றன என்றால், செய்தி வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுசெல்வது ஏ.டி.ஆர்., செக்1 என்ற இரண்டு கைனேஸ் நொதிகள் என்பதை 2002இல் காஃப்மன் குழுவினர் உறுதிசெய்தார்கள். அவற்றை முடக்கினால், கதிர்பட்ட செல்லும் புதிய இடங்களில் இரட்டிப்பைத் தொடங்குகிறது. ஆக, தைமிடின் எண்ணிக்கை குறையாத அந்தச் செல்தான் ஆபத்தில் இருக்கிறது. எண் நன்றாக இருப்பது நலத்தின் அறிகுறி அல்ல.

இனி, சுருள் பிரிந்து புதிய இழைகள் வளரும் இரட்டிப்புக் கவை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கையில், இருபடியைச் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். துண்டுதுண்டாக வளரும் தொடர்பற்ற இழையில் சிக்கல் சிறியது. அங்கே எப்படியும் 100 முதல் 200 நியூக்ளியோடைடுகளுக்கு ஒருமுறை புதிய துண்டு தொடங்கும். ஓர் இடைவெளி மட்டும் பின்னால் தங்கும். ஒரே நீட்சியாக வளரும் தொடர் இழையில், இழையை நீட்டும் பாலிமரேஸ் நொதி நின்றுவிட, முன்னால் சுருளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் போய்க்கொண்டே இருக்கிறது. 2013இல் அறியவந்த பிரிம்பால் என்னும் நொதி, இருபடிக்கு அப்பால் புதிய தொடக்கம் தந்து இழையை மீண்டும் ஓடவைக்கிறது. இங்கும் இடைவெளிதான் மிஞ்சும். கதிருக்குப் பின் உருவாகும் சேய் இழைகள் முதலில் துண்டுதுண்டாக இருந்து பிறகு நீள்கின்றன என்று 1972இல் ஆலன் லேமன் பாலூட்டிச் செல்களில் கண்டது இத்தகைய இடைவெளிகளோடு பொருந்துகிறது.

அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற மரபுநோய் உள்ள குழந்தைகளுக்கு வெயில் பட்ட தோலெங்கும் புள்ளிகளும், இளவயதிலேயே புற்றும் தோன்றும். அவர்களில் பெரும்பாலோருக்குப் பழுதுநீக்கம் குறைபட்டிருப்பதை 1968இல் கிளீவர் கண்டார். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பழுதுநீக்கத்தில் குறையே இல்லை. 1975இல் லேமனும் உடன் ஆய்ந்தோரும் காட்டியபடி, மாற்றுவகை எனப்படும் இவர்களிடம் குறைபட்டிருப்பது கதிருக்குப் பிந்தைய இரட்டிப்பு. 1999இல் விடை கிடைத்தது: பாலிமரேஸ் ஈட்டா. வழக்கமான பாலிமரேஸின் செயல்மையத்தில் ஒரு காரத்துக்கே இடம் உண்டு. ஈட்டாவின் செயல்மையம் அகன்றது. பிணைந்த இரண்டு தைமின்களையும் ஒருசேர ஏற்று, எதிரே இரண்டு அடினின்களைச் சரியாக வைத்துவிடுகிறது. ஈட்டா இல்லாத செல்லில் வேறு பாலிமரேஸ்கள் அந்த வேலைக்கு வருகின்றன, அதிகம் பிழை செய்கின்றன.

இந்த நோயாளிகளின் செல்கள் சொல்லும் சான்றை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கதிருக்குப் பின் இவை உயிர்பிழைக்கும் வீதம் இயல்பான செல்களைவிடச் சற்றே குறைவு, திடீர்மாற்றமோ பன்மடங்கு. இறப்பை மட்டும் அளந்த ஆய்வாளர் இங்கே ஏறத்தாழ ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருப்பார். 1982இல் மேஹர், மெக்கார்மிக் குழு செய்த சோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. இரட்டிப்பு தொடங்கும் தறுவாயில் கதிர்பட்ட இயல்பான செல்களில் திடீர்மாற்றம் மிகுதி. பல மணி நேரம் முன்னதாகக் கதிர்பட்டு, பழுதுநீக்க அவகாசம் பெற்றவற்றில் குறைவு. இறந்த செல்களின் விகிதமோ இரண்டிலும் ஒன்றே. இருபடி என்பது இன்னும் திடீர்மாற்றம் அல்ல. இரட்டிப்பு அதைக் கடந்துசெல்லும் விதமே அதைத் திடீர்மாற்றமாக்குகிறது. தொடக்கத்தை நிறுத்திவைக்கும் காப்பின் மதிப்பும் இதனால் புலப்படும். அது பழுதுநீக்கத்துக்கு நேரம் வாங்கித் தருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். எலி, வெள்ளெலி போன்ற கொறிணிகளின் வளர்ப்புச் செல்கள் மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியிலிருந்து சைக்ளோபியூட்டேன் இருபடிகளை மிகச் சொற்பமாகவே நீக்குகின்றன. சேதத்தைக் கண்டறிய உதவும் டி.டி.பி.2 புரதம் அவற்றில் போதிய அளவு இல்லை. அப்படியிருந்தும் மனிதச் செல்களுக்கு நிகராகப் பிழைக்கின்றனவே, நேரம் வாங்கித் தருவதால் என்ன பயன்? இம்மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. படியெடுக்கப்படும் மரபணுக்களைக் கொறிணிச் செல் நன்றாகவே சரிசெய்துகொள்கிறது என்பதைப் போர், ஹனாவால்ட் குழு 1985இல் வெள்ளெலிச் செல்லின் டி.எச்.எஃப்.ஆர். மரபணுவில் காட்டியது, பிழைத்திருப்பதற்கு அது பெரும்பாலும் போதும். எஞ்சிய இருபடிகளோ இரட்டிப்பின் பாதையில் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பிழையின்றிக் கடக்கும் சுமை ஈட்டாவின்மேல் விழுகிறது. அந்த நொதியை நீக்கி வளர்த்த சுண்டெலிகளை ஐந்து மாதம் புற ஊதா ஒளியில் வைத்தபோது, ஒன்றுவிடாமல் அனைத்துக்கும் தோலில் கட்டி வந்தது.